சின்ன மின்சார காரைக் கொடுத்துப் பெரியது எடுக்கலாமா?

தீபாவளியும் பொங்கலும் முடிந்த வாரத்தில்தான் இந்தக் கேள்வி அதிகம் வரும். 2023-இல் டாடாவின் சின்ன மின்சார காரான டியாகோ ஈவி எடுத்தவர்கள், ஊருக்குப் போகும் வழியில் விக்கிரவாண்டியில் சார்ஜருக்காக வரிசையில் நின்றவர்கள், "இதைக் கொடுத்துட்டு நெக்ஸானோ கிரெட்டாவோ எடுத்துடலாமா?" என்கிறார்கள். (டாடா நெக்ஸான், ஹூண்டாய் கிரெட்டா இரண்டிலும் இதைவிடப் பெரிய மின்சார மாதிரிகள் உண்டு.) நானும் அதே வருடம் அதே காரை எடுத்தவன். மடிப்பாக்கத்தில் வீடு, கும்பகோணம் பக்கம் ஊர். மூன்று முறை ஷோரூம் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடலாம். பெட்ரோல் காரை விட்டு டியாகோவுக்கு வந்தபோது கிலோமீட்டருக்கு ஆறு, ஏழு ரூபாய் ஆன இடத்தில், வீட்டில் சார்ஜ் போட்டால் ஒரு ரூபாய் சொச்சம் ஆனது. அந்த மிச்சம்தான் கடன் தவணையில் பாதியைக் கட்டியது. பெரிய மின்சார காருக்குப் போனால் அந்த ஒரு ரூபாய் ஒன்றரை ஆகும். அவ்வளவுதான். பெட்ரோல் பங்கிடமிருந்து மீட்க வேண்டியதை நீங்கள் ஏற்கெனவே மீட்டாகிவிட்டது. இரண்டாவது மாற்றத்தில் மீட்க எதுவும் மிச்சமில்லை. "இதுவும் ஈவிதானே, ஓட ஓடப் பணம் திரும்பிடும்" என்று ஷோரூமில் யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், அவர் உங்கள் பழைய காரை இன்னும் பெட்ரோல் கார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இது சிக்கனத்துக்காக எடுக்கும் முடிவு அல்ல, வசதிக்காகப் பணம் கொடுக்கும் முடிவு. எந்த வசதிக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எதை வைத்து எடைபோடுவது

நாலு விஷயம் போதும்.

ஒன்று, நாட்கள். போன வருட நாட்காட்டியை எடுத்து, சின்ன காரால் முடியாமல் போன நாட்களை எண்ணுங்கள். என் கணக்கு 17. அதில் 12 நாள் கும்பகோணம் போன, வந்த நாட்கள். மூன்று நாள் ஐந்து பேரும் பெட்டிகளுமாக விமான நிலையம் போனது. இரண்டு நாள் மழைத்தண்ணீர். இப்படிப் பிரித்தால்தான் எது பேட்டரிப் பிரச்சினை, எது இடப் பிரச்சினை என்று தெரியும். விமான நிலையத்துக்கு ஒரு கால் டாக்ஸி போதும், அதற்காக யாரும் கார் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு, பின் சீட்டில் யார். சின்னப் பிள்ளைகள் என்றால் டியாகோ போதும். உயரமான கல்லூரிப் பையனோ, முட்டிவலி உள்ள அம்மாவோ என்றால் கதை வேறு.

மூன்று, நிறுத்துமிடமும் பிளக்கும். நம் அடுக்ககங்களில் கார் நிறுத்தக் கொடுக்கும் கட்டம் பெரும்பாலும் இரண்டரை மீட்டர் அகலம். டியாகோவின் அகலம் 1,677 மி.மீ. நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 41 செ.மீ. கிடைக்கும். நெக்ஸான் 1,811 மி.மீ. பக்கத்துக்கு 34 செ.மீ. ஏழு செ.மீ. வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் தூண், மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் இன்னோவா என்று இருக்கும்போது, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு இறங்குவதா வேண்டாமா என்பதை அந்த ஏழு செ.மீ.தான் முடிவு செய்யும்.

நான்கு, கையை விட்டுப் போகும் மொத்தப் பணம். விலை வித்தியாசம் மட்டும் அல்ல, கீழே சொல்லும் சில்லறைகளும் சேர்த்து.

எண்களில்

பேட்டரியை ஈ.பி. பில்லில் வரும் யூனிட்டாகவே எழுதியிருக்கிறேன். ஒரு கிலோவாட் ஹவரும் ஒரு யூனிட்டும் ஒன்றுதான்.

| | டியாகோ ஈவி | நெக்ஸான் ஈவி | கிரெட்டா எலக்ட்ரிக் |
|---|---|---|---|
| பேட்டரி | 24 யூனிட் | 45 யூனிட் | 51.4 யூனிட் |
| அறிமுகத்தில் நிறுவனம் சொன்ன தூரம் | 315 கி.மீ. | 489 கி.மீ. | 473 கி.மீ. |
| ஏசியோடு 90 வேகத்தில், 10% மிச்சம் வைத்து நான் நம்பும் தூரம் | 170–190 | 270–300 | 310–340 |
| 15 ஆம்ப் பிளக்கில் முழு சார்ஜ் (சுமார்) | 8–9 மணி நேரம் | 15–17 மணி நேரம் | 17–19 மணி நேரம் |
| நீளம் | 3,769 மி.மீ. | 3,994 மி.மீ. | 4,340 மி.மீ. |
| அகலம் | 1,677 மி.மீ. | 1,811 மி.மீ. | 1,790 மி.மீ. |
| டிக்கி | 240 லிட்டர் | 350 லிட்டர் | 433 லிட்டர் |
| ஏர்பேக் | 2 | 6 | 6 |
| வருட தேர்டு பார்ட்டி பிரீமியம் (பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ், வரி சேராமல்) | ரூ. 2,904 | ரூ. 6,712 | ரூ. 6,712 |

நிறுவனம் சொல்லும் தூரத்தை மட்டும் பார்த்தால் நெக்ஸான் கிரெட்டாவை முந்துகிறது. பேட்டரி அளவைப் பார்த்தால் பிந்துகிறது. தூரக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதுவே போதும்.

சின்னதையே வைத்துக்கொள்வது

பழைய காருக்கு ஐந்தரை லட்சம் கிடைக்கிறது, புதியது ரோட்டுக்கு வர 17 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போவது பதினொன்றரை லட்சம். 9 சதவீதம் என்று பார்த்தால் முதல் வருட வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த 12 பயண நாட்களுக்கும் டிராப் டாக்ஸி பிடித்தால்? ஒரு வழிக்கு ஐந்தாயிரம் என்றாலும் வருடத்துக்கு 60,000. டிரைவர் ஓட்டுவார், நான் தூங்கலாம். பணக்கணக்கில் சின்ன காரும் டாக்ஸியும் சேர்ந்த கூட்டணியைப் பெரிய கார் ஜெயிக்கவே முடியாது.

டியாகோவின் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம். 2023-இல் எடுத்த காருக்கு 2031 வரை கவலை இல்லை. ராத்திரி சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் போட்டால் காலையில் நிறைந்திருக்கும். வேளச்சேரி சந்துகளில் திருப்ப, கோயில் வாசலில் இடுக்கில் நிறுத்த, இதைவிட லாயக்கான கார் கிடையாது.

ஆனால் இதன் குறையை மூடி மறைக்க மாட்டேன். ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள், 22 சதவீதத்தோடு நெடுஞ்சாலை சார்ஜர் ஒன்றில் போய் நின்றேன். செயலியில் 'காலியாக உள்ளது' என்று பச்சை எரிந்தது. நேரில் திரை இருண்டு கிடந்தது. வாட்ச்மேன், "நேத்துலேர்ந்தே இப்படித்தான் சார், போன் பண்ணியாச்சு" என்றார். அடுத்த சார்ஜர் 30 கி.மீ. தள்ளி. ஏசியை அணைத்து, 60-ஐத் தாண்டாமல் ஓட்டினேன். பின் சீட்டில் அம்மா கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெரிய பேட்டரி எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அது அதிக தூரம் போவதற்கு என்பதைவிட, கெட்டுப்போன சார்ஜரைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவதற்கு. சின்ன பேட்டரிக்காரன் எந்த சார்ஜரில் நிற்க வேண்டும் என்பதைச் சாலை முடிவு செய்கிறது.

இன்னொன்று, வைத்துக்கொள்வது என்றால் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்" என்று ஆறு, ஏழு வருடம் ஓட்டி, பேட்டரி உத்தரவாதம் முடியப்போகும் நேரத்தில் விற்கப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அந்த வயதில் மின்சார காரை வாங்க வருபவர்கள் குறைவு.

நான்கு மீட்டருக்குள் அடங்கும் கிராஸ்ஓவர்

கிராஸ்ஓவர் என்றால் சாதாரண காரைவிட உயரமாக, எஸ்யூவி சாயலில் இருக்கும் கார். நெக்ஸான் ஈவி 45 யூனிட் மாதிரியைத்தான் சொல்கிறேன். 30 யூனிட் மாதிரியும் இருக்கிறது. டியாகோவிலிருந்து ஆறு யூனிட் கூடுதலுக்காக அதற்கு மாறுவது வீண் வேலை.

உண்மையான லாபம் சார்ஜ் வேகத்தில் இருக்கிறது. டியாகோவுக்கு 10-லிருந்து 80 சதவீதம் போக வேக சார்ஜரில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். உள்ளே போவது 17 யூனிட், அதாவது ஏறத்தாழ 135 கி.மீ. நெக்ஸானுக்கு நல்ல சார்ஜரில் 40 நிமிடத்தில் 31 யூனிட் ஏறும், 200 கி.மீ.க்கு மேல். மடிப்பாக்கத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஏறத்தாழ 290 கி.மீ. டியாகோவில் இரண்டு நிறுத்தம், இரண்டாவது எப்போதும் பதற்றத்தோடு. நெக்ஸானில் ஒன்று, அதுவும் காபி குடிக்கும் நேரம்.

இதில் ஒரு பிடி உண்டு. அந்த 40 நிமிடம் 60 கிலோவாட்டும் அதற்கு மேலும் தரும் சார்ஜரில்தான். (யூனிட் என்பது ஏறும் அளவு, கிலோவாட் என்பது சார்ஜர் ஏற்றும் வேகம்.) நீங்கள் போகும் வழியில் இருப்பதெல்லாம் 25, 30 கிலோவாட் சார்ஜர் என்றால் நெக்ஸானும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். வாங்கும் முன் உங்கள் ஊர் வழியில் உள்ள சார்ஜர்களின் கிலோவாட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

பாதுகாப்பில் வித்தியாசம் தெளிவு. ஆறு ஏர்பேக், 2024-இல் காரை மோதவிட்டுப் பார்க்கும் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம். மாதத்துக்கு இரண்டு முறை நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறவர்கள், மற்ற எல்லாக் கணக்கையும் தள்ளிவைத்துவிட்டு இதற்காக மட்டும் மாறினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பின் சீட்டுதான் ஏமாற்றும். பேட்டரி தரைக்குக் கீழே இருப்பதால் பின்னால் தரை கொஞ்சம் மேடு. உயரமானவர்களுக்கு முட்டி தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் குறையும். மாறாக, ஏறுவது எளிது. டியாகோவில் அம்மா 'இறங்கி' உட்காருகிறார், எழுந்திருக்கும்போது கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை முயல்கிறார். நெக்ஸானில் சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதால் அப்படியே சாய்ந்து உட்காரலாம். ஆனால் வாசல் படி உயரம். புடவை கட்டியவருக்கு முதல் காலைத் தூக்கி வைப்பது தடுக்கும். ஷோரூமுக்கு அம்மாவையோ அத்தையையோ அழைத்துப் போய், பின் சீட்டில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் முன் சீட்டில் திரையைக் காட்டிக்கொண்டிருப்பார். காட்டட்டும்.

நான்கு மீட்டரைத் தாண்டியது

இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் கிரெட்டா எலக்ட்ரிக், 2025 ஜனவரியில் 17.99 லட்சத்தில் தொடங்கியது. அந்தத் தொடக்க விலை 42 யூனிட் மாதிரிக்கு. 51.4 யூனிட் வேண்டுமென்றால் 20 லட்சத்தைத் தாண்டிப் பேச வேண்டியிருக்கும்.

ஐந்து பேர் உள்ள வீடு, மாதாமாதம் 300 கி.மீ.க்கு மேல் ஒரு பயணம், சொந்த வீட்டில் அகலமான போர்டிகோ என்றால் இது பொருந்தும். 50 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80-க்கு 58 நிமிடம் என்கிறார்கள். டியாகோ நிற்கும் அதே நேரம்தான், ஆனால் ஏறுவது 36 யூனிட். டிக்கியில் இரண்டு பெரிய பெட்டியும் ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டையும் அடங்கும்.

பொருந்தாத இடம், வெறும் 15 ஆம்ப் பிளக் மட்டுமே உள்ள அடுக்ககம். காலியான பேட்டரியை ராத்திரி 9 மணிக்கு மாட்டினால் மறுநாள் பிற்பகல்தான் நிறையும். தினமும் 40, 50 கி.மீ. ஓட்டுபவருக்கு அது பிரச்சினை இல்லை, ஓட்டியதை மட்டும் நிரப்பினால் போதும். ஞாயிறு இரவு ஊரிலிருந்து வந்து, திங்கள் காலை மறுபடி வெளியூர் போகிறவருக்குத்தான் இது இடிக்கும்.

எம்ஜியின் மின்சார காரான வின்ட்சரைப் பற்றியும் கேட்கிறார்கள். டிக்கி 604 லிட்டர், பின் சீட் சோபா மாதிரி. 2024 செப்டம்பரில் 9.99 லட்சம், பேட்டரிக்கு கி.மீ.க்கு மூன்றரை ரூபாய் வாடகை என்று அறிமுகமானது. மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் வாடகை 5,250 ரூபாய். அதற்கு மேல் சார்ஜ் செலவு. வேறு பெயரில் இன்னொரு தவணை அது. பேட்டரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுத்தான் மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்

முதலில் இன்ஷூரன்ஸ். மின்சார காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் மோட்டாரின் சக்தியை வைத்து. 30-லிருந்து 65 கிலோவாட் வரை ஒரு படி, அதற்கு மேல் இன்னொரு படி. டியாகோ 55 கிலோவாட். பெரியவை எல்லாம் 65-ஐத் தாண்டியவை. புதிய காருக்கு மூன்று வருடத் தேர்டு பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும். அது 9,044-லிருந்து 20,907 ஆகிறது, ஜிஎஸ்டி தனி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் காரின் மதிப்போடு ஏறுவது வேறு.

அடுத்தது கடன். இதை எத்தனையோ பேர் கவனிப்பதில்லை. 2023 மார்ச் 31-க்குள் அனுமதி வாங்கிய மின்சார வாகனக் கடனுக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்கள் 80ஈஈபி பிரிவில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கடனை அடைத்துப் புதுக்கடன் வாங்கினால் சலுகை போச்சு, புதியதற்குக் கிடையாது. 30 சதவீத வரியில் இருப்பவர், கடன் பாதியில் இருக்கும்போது மாறுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து உங்கள் பேரில் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம், ஆனால் டெலிவரி அன்று கையில் இருக்க வேண்டும். டயர் 14 அங்குலத்திலிருந்து 16, 17-க்குப் போகிறது, ஒரு செட் மாற்றும்போது செலவு ஏறத்தாழ இரு மடங்கு. ஸ்டெப்னி உண்டா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்றும் கேளுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் மின்வாரியத்தில் லோடு கூட்ட வேண்டியிருக்கும். கிரெட்டாவுக்கு 11 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால் மும்முனை இணைப்பு.

மின்கட்டணம்? மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் டியாகோ இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் இழுக்கும், பெரியது 320. வீட்டுக்கே 350 யூனிட் ஆகிறதென்றால் 600-ல் நின்ற பில் 670 ஆகி அடுத்த படிக்குத் தாவும். அங்கே யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல். கூடுதலாக 700 ரூபாய்க்குள் அடங்கும். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், இருப்பதிலேயே சின்னச் செலவும் இதுதான்.

உங்கள் பக்கம் வருவது ஒன்று உண்டு. நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, காருக்கு அல்ல, உங்களுக்கு. விற்கும்போது இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் கடிதம் வாங்கிப் புதிய பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

பழைய காரை எப்படிக் கைமாற்றுவது

எக்ஸ்சேஞ்ச் வசதி, ஆனால் விலை அடிவாங்கும். பழைய மின்சார காரை விற்கும் வியாபாரி தன் லாப வித்தியாசத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அதையும் மனதில் வைத்துத்தான் உங்களுக்கு விலை சொல்வார். தனி ஆளுக்கு நேரடியாக விற்றால் அந்த வரி இல்லை. போதாக்குறைக்கு 2024 பிப்ரவரியில் புதிய டியாகோ ஈவியின் விலையே குறைந்து 7.99 லட்சத்தில் தொடங்கியது. 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டியும் 18-க்கு இறங்கியது. புதியது மலிவானால் பழையது என்ன விலை போகும்?

நேரடியாக விற்பதென்றால் சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை வாங்கி வையுங்கள். வாங்க வருபவரின் பயம் முழுவதும் அங்கேதான். பணம் வாங்கியதோடு முடிந்தது என்று விடாமல், ஆர்சி பெயர் மாறும் வரை விரட்டுங்கள். ஃபாஸ்டேகை அன்றே மூடுங்கள்.

எந்த மாதத்தில்

தமிழ்நாட்டில் பேட்டரி வாகனங்களுக்குச் சாலை வரி முழு விலக்கு, காலக்கெடு வைத்து அரசாணை மூலம் தரப்படுவது. அது டிசம்பர் 31-ஐ ஒட்டி முடிவதும் நீட்டிக்கப்படுவதுமாக வந்திருக்கிறது. 10-லிருந்து 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு 18 சதவீதம் வரி. விலக்கு இல்லாத ஒரு நாளில் 17 லட்சம் கார் பதிவானால் மூன்று லட்சம். கணக்கில் வருவது புக்கிங் தேதி அல்ல, ஆர்டிஓவில் பதிவாகும் தேதி. டிசம்பர் தள்ளுபடியைப் பார்த்து புக் செய்பவர்கள், ஆணை எதுவரை என்று பார்த்துவிட்டு, அதற்குள் பதிவு முடியும் என்று டீலரிடம் எழுதி வாங்குங்கள். வரும் காரின் உற்பத்தி மாதத்தையும் கேளுங்கள். ஜனவரியில் பதிவானாலும் போன வருடத் தயாரிப்பு என்றால் மறுவிற்பனையில் ஒரு வயது கூடவே எண்ணப்படும்.

டெஸ்ட் டிரைவ் காரை ஷோரூமைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் அடுக்ககத்துக்குக் கொண்டுபோய், உங்கள் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். நான் மூன்றாவது முறை திரும்பி வந்தது அதைச் செய்த பிறகுதான்.